பாரிஸ்காரியைச் செய்தவர்கள்

பிரான்ஸ் நாட்டுப் பெண் என்றதும் மனசில் ஓர் உருவம் வந்து நிற்கிறது. ஒல்லியான உடம்பு, ஏனோதானோ என்று முடிந்த கூந்தல், கோடு போட்ட பனியன், உதட்டில் சிவப்பு, கழுத்தில் சின்னதாக ஒரு ஸ்கார்ஃப். எதைப் போட்டாலும் எடுப்பாக இருப்பாள். எதற்கும் மெனக்கெட்ட மாதிரி தெரியாது. பாரிஸ் பக்கமே போகாதவர்களுக்கும் அவளைத் தெரியும். நம் பத்திரிகைகளின் அழகுக் குறிப்புப் பக்கங்களுக்கும் அவ்வப்போது வந்துபோகிறாள்.

அவளுக்கு அந்த அழகு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், ‘அந்த ஊர்க் காற்று அப்படி’, ‘ரத்தத்திலேயே இருக்கிறது’ என்று சொல்லி முடித்துவிடுகிறோம். அவளை யார் செய்தார்கள், எதற்காகச் செய்தார்கள், எந்தத் துணியில் செய்தார்கள் என்பதற்கெல்லாம் ஆண்டு விவரத்தோடு வரலாறு இருக்கிறது. கொஞ்சம் நீளமான கதை. டீயை ஊற்றிக்கொண்டு உட்காருங்கள், பொறுமையாகவே சொல்கிறேன்.

1900 ஏப்ரலில் பாரிசில் உலகக் கண்காட்சி திறந்தது. ஏழு மாதத்தில் ஏறத்தாழ 5 கோடிப் பேர் வந்துபோன கண்காட்சி அது. கொன்கோர்டு சதுக்கத்தில் கட்டிய பிரதான வாயிலின் உச்சியில் பிரம்மாண்டமான ஒரு பெண் சிலையை நிறுத்தினார்கள். செய்தவர் போல் மொரோ-வோத்தியே என்ற சிற்பி. இப்படிப்பட்ட இடங்களில் கிரேக்கத் தேவதையையோ, குடியரசின் உருவமான மரியானையோ வைப்பதுதான் அதுவரை வழக்கம். இங்கே நின்றவளோ அந்த ஆண்டின் நாகரிக உடையை உடுத்திய நகரத்துப் பெண். அவளுக்கு உடை வடிவமைத்தவர் ழான் பாக்கேன். பாரிசில் பெரிய உடை நிறுவனம் நடத்தியவர், அந்தக் கண்காட்சியின் உடைப் பிரிவுக்கும் தலைமை வகித்தவர். சிலையின் பெயர் ‘லா பாரிசியேன்’, அதாவது பாரிஸ்காரி. விமர்சகர்கள் அவளைக் கிழி கிழியென்று கிழித்தார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது அவள் நின்ற இடம். உலகமே சாமான் பார்க்க வரும் வாசலில், தேவதை நிற்க வேண்டிய பீடத்தில், உடைக் கம்பெனியின் புதுக் கவுனோடு ஒரு பெண்ணை ஒரு நாடு ஏற்றி வைக்கிறது. பாரிஸ்காரி எதற்காக உண்டானாள் என்பதை இதைவிடத் தெளிவாக யாரும் சொல்லிவிட முடியாது.

ஆனால் அவள் பிறந்தது 1900இல் இல்லை. 200 ஆண்டுகளுக்கும் மேல் பின்னால் போக வேண்டும். பதினான்காம் லூயியின் நிதியமைச்சர் கொல்பேர். பிரபுக்கள் வெனிஸ் லேசுக்குப் பணத்தைக் கொட்டுவது அவருக்குப் பொறுக்கவில்லை. 1665இல் அரசு ஆதரவோடு உள்ளூரிலேயே லேஸ் பட்டறைகளைத் தொடங்கிவைத்தார். லியோன் நகரத்துப் பட்டு நெசவுக்கும் கைகொடுத்தார். 1672இல் தொடங்கிய ‘மெர்க்யூர் கலாந்’ என்ற இதழ், அரண்மனையில் இப்போது என்ன உடுத்துகிறார்கள் என்று ஊருக்கெல்லாம் சொன்னது. பழசு கிழிவதற்கு முன்பே புதுசு வாங்க வேண்டும் என்ற எண்ணம் மெல்ல மெல்ல ஊறியது. நெசவாளிக்கும் வியாபாரிக்கும் அரசாங்கக் கஜானாவுக்கும் அது வரம். அந்த வரத்தை உடம்பில் சுமந்து காட்டும் வேலை பெண்களுக்கு வந்து சேர்ந்தது.

இந்த இடத்தில்தான் நம் சோழமண்டலக் கரை கதைக்குள் வருகிறது. பிரெஞ்சுக் கம்பெனி 1674இல் புதுச்சேரியில் காலூன்றியது. அங்கிருந்து போன சரக்கில் பிரெஞ்சுப் பெண்களை மயக்கியது பூவேலை செய்த பருத்தித் துணி. கடுக்காய்ச் சாற்றிலும் எருமைப் பாலிலும் துணியை ஊறவைத்து, படிகாரம் தொட்டு எழுதுகோலால் வரைந்து, சாயவேரில் சிவப்பேற்றி, மெழுகு பூசி அவுரியில் நீலம் ஏற்றுவார்கள். எத்தனை முறை வெளுத்தாலும் நிறம் போகாது. ஐரோப்பியச் சாயக்காரர்களுக்கு அன்றைக்கு அந்த வித்தை முழுசாகக் கைவரவில்லை. பட்டு வியாபாரிகளும் கம்பளி வியாபாரிகளும் கூச்சல் போட, 1686இல் அரசர் சீட்டித் துணி இறக்குமதிக்கும், உள்ளூரில் அச்சடிப்பதற்கும் தடை விதித்தார். பிறகு உடுத்துவதற்கே தடை. உடுத்திய பெண்களுக்கு அபராதம் போட்டார்கள், உடையைப் பறிமுதல் செய்தார்கள். அப்படியும் ஆசை அடங்கவில்லை. பதினைந்தாம் லூயியின் அன்புக்குரிய மதாம் தெ பொம்பதூரின் மாளிகையிலேயே தடைசெய்த துணி இருந்தது. 1742இல் கெர்தூ என்ற ஏசுசபைப் பாதிரியார், இங்கே மதம் மாறிய சாயக்காரர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்ட செய்முறையைப் படிப்படியாகக் கடிதமாக எழுதி பிரான்சுக்கு அனுப்பினார். 1759இல் தடை நீங்கியது. அடுத்த ஆண்டே வெர்சாய் பக்கத்தில் ழூயி என்ற ஊரில் ஓபர்காம்ப் தன் அச்சுப் பட்டறையைத் தொடங்கினார். இன்றைக்கு ‘ழூயி துணி’ என்றால் அசல் பிரெஞ்சு ரசனை என்கிறார்கள். நம் சாயக்காரர்களின் பெயர் ஒன்றுகூட அதில் ஒட்டவில்லை என்பது எனக்கு இன்றும் வருத்தம்தான்.

ஆக, ‘பிரெஞ்சுப் பெண் இப்படித்தான் உடுத்துவாள்’ என்ற பேச்சின் அடியில் ‘பிரெஞ்சுப் பெண் இன்னாருடைய துணியைத்தான் வாங்க வேண்டும்’ என்ற கட்டளை இருந்திருக்கிறது. அந்தக் கட்டளைக்கு ராணியும் தப்பவில்லை. 1783இல் ஓவியர் எலிசபெத் விழே லெ ப்ரன், மரி அந்த்வானெத்தை லேசான வெள்ளை மஸ்லின் கவுனில், வைக்கோல் தொப்பியோடு வரைந்து அரசுக் கண்காட்சியில் வைத்தார். ஊர் கொதித்தது. ராணி உள்ளுடுப்போடு நிற்கிறாள் என்றது ஒரு கூட்டம். அந்நியத் துணியைக் கட்டி லியோன் பட்டு நெசவாளிகளின் வயிற்றில் அடிக்கிறாள் என்றது இன்னொரு கூட்டம். படத்தைக் கழற்றிவிட்டு, கையில் அதே ரோஜாவோடு பட்டுக் கவுன் அணிந்த ராணியை வேறொரு படமாக வரைந்து மாட்டினார்கள். இரண்டு படத்திலும் முகம் ஒன்றுதான். துணியை மாற்றியதும் அவள் மரியாதைக்குரிய பிரெஞ்சு ராணி ஆகிவிட்டாள். அவளோ ஆஸ்திரியாவில் பிறந்தவள்.

இந்தக் கதையில் வெளியூர்க்காரர்களை எண்ணத் தொடங்கினால் பட்டியல் நீண்டுகொண்டே போகும். பாரிஸ் உயர்ரக உடைத் தொழிலின் தந்தை என்று எல்லோரும் சொல்லும் சார்லஸ் ஃபிரடெரிக் வொர்த் இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் பிறந்தவர். 1858இல் பாரிசில் சொந்தக் கடை போட்டார். அவரை அரண்மனைக்கு அறிமுகம் செய்துவைத்தவர் ஆஸ்திரியத் தூதரின் மனைவி பௌலின் மெட்டர்னிக். வொர்த்திடம் உடை வாங்கி அவருக்கு உலகப் புகழ் தேடித் தந்த பேரரசி யூஜெனி, ஸ்பெயினின் கிரனாதாவில் பிறந்தவர். பிற்கால உடை வடிவமைப்பாளர்களில் ஷ்யாபரெல்லி இத்தாலிக்காரர், பலென்சியாகா ஸ்பெயின்காரர், ஷனேல் நிறுவனத்தைத் தூக்கி நிறுத்திய லாகர்ஃபெல்ட் ஜெர்மானியர். கூடையும் கையுமாகத் திரிந்து, ஏனோதானோ அழகுக்கே இலக்கணமாகிப்போன ஜேன் பர்கின் லண்டனில் பிறந்தவர். சினிமாவில் நடிக்க 1968இல் பாரிஸ் வந்தார். ரத்தம் என்று பேசுகிறவர்கள் இந்தப் பெயர்களை ஒருமுறை வரிசையாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

ஓவியர்கள் செய்தது வேறு. ரெனுவார் 1874இல் ஒரு பெண்ணை நீல உடையில், கையுறையும் தொப்பியுமாக வரைந்தார். அந்தப் படம் இப்போது வேல்ஸ் நாட்டின் கார்டிஃப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மாதிரியாக நின்றவர் ஆன்ரியெத் ஆன்ரியோ என்ற நாடக நடிகை. முதலில் பின்னணியில் ஒரு கதவும் திரையும் இருந்தன. பிறகு ரெனுவார் அவற்றை அழித்துவிட்டார். இப்போது அவளைச் சுற்றி ஒன்றுமே இல்லை. தெரு இல்லை, வீடு இல்லை, தரைகூட இல்லை. தலைப்பிலும் அவள் பெயர் இல்லை. ‘பாரிஸ்காரி’ என்றுதான் வைத்தார். ஒரு பெண்ணை ஒரு வகையாக மாற்றுவதற்கு என்னென்ன அழிக்க வேண்டியிருக்கிறது என்று பாருங்கள்: அவள் பேர், அவள் தொழில், அவள் நிற்கும் இடம். மிஞ்சுவது உடை மட்டும்.

இப்படி ஒரு வகையைச் செய்தால் அதற்கு எதிர்வகையும் வேண்டும். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கேலிச்சித்திரங்களில் ஆங்கிலப் பெண் நீளப் பல்லும் பெரிய பாதமுமாக வருவாள். ஜெர்மன் பெண் பருத்த உடம்போடு, எதை எதோடு போடுவது என்று தெரியாமல் வருவாள். பக்கத்து நாட்டுப் பெண்களை அசிங்கமாக வரையாமல் தன் நாட்டுப் பெண்ணை அழகியாகக் காட்ட முடியவில்லை. நாட்டுக்கு நாடு ஆண்களுக்குள் நடந்த போட்டியில் எல்லாப் பக்கத்துப் பெண்களின் முகமும் இடுப்பும் பந்தயப் பொருளாகிவிட்டன.

சரி, இந்தக் கவுன்களைத் தைத்தது யார்? எனக்கு இந்தக் கதையில் பிடித்த ஆட்கள் இவர்கள்தான். பெல்வீல், மோன்மார்த் போன்ற ஏழைப் பகுதிகளிலிருந்து காலையில் கிளம்பி வந்து, பணக்காரத் தெருக்களின் மாடிப் பட்டறைகளில் குனிந்து தைத்த பெண்கள். ‘மிதினெத்’ என்று அழைப்பார்கள். நடுப்பகலில் அவசரமாகக் கொஞ்சம் சாப்பிட்டுவிட்டு ஓடுவதால் வந்த பெயர். போர் நடந்துகொண்டிருந்த 1917 மே மாதம், ஷான்செலிசே சாலையிலிருந்த ஒரு பட்டறையில், சனிக்கிழமை மதியம் வேலை இல்லை, அந்த அரைநாள் கூலியும் இல்லை என்று அறிவித்தார்கள். பெண்கள் ஊசியை வைத்துவிட்டு வெளியே வந்தார்கள். வழியெல்லாம் மற்றப் பட்டறைப் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள். கூலியோடு சனிக்கிழமை அரைநாள் விடுப்பு, விலைவாசிப் படியாக நாளுக்கு ஒரு பிராங்க்: இதுதான் கோரிக்கை. அடுத்த மாதம் 11ஆம் தேதி சட்டமே வந்துவிட்டது. தையல் தொழிலில் இருந்த பெண்களுக்கு அரைநாள் விடுப்பு கிடைத்தது. அழகான தொப்பியும் பூவுமாக ஊர்வலம் போனார்கள் என்று அன்றைய செய்தித்தாள்கள் ரசித்து எழுதின. வயிற்றுக்குப் போராடியபோதும் அவர்களைப் பாரிஸ்காரிகளாகத்தான் பார்க்கத் தெரிந்திருக்கிறது.

உடுத்தும் உரிமை எவ்வளவு இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1800 நவம்பர் 7ஆம் தேதி பாரிஸ் காவல் தலைமையகம் ஓர் ஆணை போட்டது. ஆணுடை அணிய விரும்பும் பெண், மருத்துவர் சான்றிதழைக் காட்டி போலீஸ் அனுமதி வாங்க வேண்டும். மாட்டுச் சந்தை, குதிரைச் சந்தை என்று சுற்றி விலங்குகளை வரைந்த ஓவியர் ரோசா பொனர் 1857இல் வாங்கிய அனுமதிச் சீட்டு இன்னும் இருக்கிறது. செல்லுபடி ஆறு மாதம். நடன விருந்துக்கும் நாடகக் கொட்டகைக்கும் பேன்ட் போட்டுக்கொண்டு போகக் கூடாது என்று அதிலேயே அச்சடித்திருக்கிறது. பிறகு சைக்கிள் கைப்பிடியோ குதிரைக் கடிவாளமோ கையில் இருந்தால் பரவாயில்லை என்று தளர்த்தினார்கள். அந்த ஆணை சட்டப்படி செல்லாது என்று பெண்ணுரிமை அமைச்சர் நஜத் வல்லோ-பெல்காசெம் முறையாக அறிவித்தது 2013 ஜனவரியில். ஏட்டில் இருந்ததே தவிர யாரும் நடைமுறைப்படுத்தவில்லை என்று சமாதானம் சொல்வார்கள். உலகத்துக்கே உடுத்தக் கற்றுக்கொடுக்கிறாள் என்று பேரெடுத்தவள், தன் ஊரில் பேன்ட் போட இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஏட்டளவிலாவது அனுமதி கேட்க வேண்டியவளாக இருந்தாள் என்பதைத்தான் நான் சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் விழுந்தபோது, உயர்ரக உடைத் தொழிலையே பெயர்த்து பெர்லினுக்கும் வியன்னாவுக்கும் கொண்டுபோக ஜெர்மானியர்கள் திட்டமிட்டார்கள். தொழில் சங்கத் தலைவர் லூசியன் லெலோங் வாதாடி நிறுத்தினார். நகரம் விடுதலையானபின், 1945 மார்ச்சில், ‘தெயாத்ர் தெ லா மோத்’ என்று ஒரு கண்காட்சி வைத்தார்கள். துணிக்குப் பஞ்சம், தோலுக்குப் பஞ்சம், கரிக்குப் பஞ்சம். ஆளுயர உடைக்குத் துணி ஏது? அதனால் ஏறத்தாழ 70 சென்டிமீட்டர் உயரத்தில் கம்பியால் பொம்மை செய்து, அதற்குத் தைத்தார்கள். உடலுக்கு வெறும் கம்பி வளைவு. தலை மட்டும் வெள்ளைப் பிளாஸ்டர். ஆனால் பொத்தான் நிஜமாகவே பொத்தான் துளைக்குள் போகும். நகம் அளவு கைப்பைகூடத் திறக்கும். குளிரில் விரல் விறைத்துப்போயும் அந்தப் பெண்கள் அப்படித் தைத்திருக்கிறார்கள். பிறகு பொம்மைகள் கப்பலேறி ஊர் ஊராக, கடைசியில் அமெரிக்காவரை போயின. 18ஆம் நூற்றாண்டிலும் பாரிஸ் வியாபாரிகள் இப்படித்தான் புது உடை உடுத்திய பொம்மைகளை ஐரோப்பிய அரண்மனைகளுக்கு அனுப்பினார்கள். நாடு நொடித்துக் கிடந்த நேரத்திலும் பிரான்ஸ் இந்தப் பாரிஸ்காரியை ஏற்றுமதி செய்தது.

இரண்டாண்டு கழித்து, 1947 பிப்ரவரி 12ஆம் தேதி, கிறிஸ்தியன் தியோர் தன் முதல் உடைத் தொகுப்பைக் காட்டினார். ஒடுங்கிய இடுப்பு, கெண்டைக்கால் வரை குடையாக விரியும் பாவாடை. ஒரே உடைக்குப் பத்து இருபது மீட்டர் துணி. அவருக்கு முதல் போட்டவர் மார்செல் புசாக், பிரான்சின் மிகப் பெரிய பருத்தி ஆலை முதலாளி. துணி அதிகம் பிடிக்கும் உடையில் ஆலைக்காரருக்கு என்ன லாபம் என்று நான் விளக்க வேண்டியதில்லை. அந்த ஆண்டே மோன்மார்த்தின் ரூ லெபிக் சந்தையில் இந்த உடையோடு படமெடுக்க மாடல் பெண்ணைக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். சந்தைக்கு வந்திருந்த பெண்கள் அவள்மேல் பாய்ந்து உடையைக் கிழித்தார்கள். அந்தப் புகைப்படங்கள் இருக்கின்றன. ரேஷனில் ரொட்டி வாங்கிப் பிள்ளை வளர்த்த பாரிஸ் பெண்கள் அவர்கள். அடி வாங்கிய மாடல் பெண்ணுக்காக மனம் நோகிறது; அவள் கூலிக்கு வந்தவள். ஆனால் அந்தக் கோபம் நியாயமான கோபம். அவர்கள் பேரைச் சொல்லி உலகம் முழுக்க விற்ற உருவத்தை அவர்கள் கண்ணால் பார்த்தது அன்றைக்குத்தான்.

இன்றைக்கு வருவோம். இப்போது விற்பது கவுனைவிட ‘மெனக்கெடாத அழகு’. பிரெஞ்சுப் பெண்கள் குண்டாவதில்லை என்று தலைப்பிலேயே சொல்லி 2004இல் உலகெங்கும் விற்ற புத்தகத்தை எழுதிய மிரேய் கிலியானோ, ஒரு பிரெஞ்சு ஷாம்பெயின் நிறுவனத்தின் அமெரிக்கக் கிளைக்குத் தலைவராக இருந்தவர். இந்தச் சரக்கில் ஒரு கெட்டிக்காரத்தனம் இருக்கிறது, கவனியுங்கள். பிறவியிலேயே வருவது என்றால் கிரீம் தடவி நமக்கு வராது. கிரீம் தடவினால் வரும் என்றால் அது பிறவிக் குணம் கிடையாது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லி விற்கிறார்கள். வாங்கியவளுக்கு வராவிட்டால் குறை அவளுடையது. இன்னொரு டப்பா வாங்குவாள். பிரெஞ்சுப் பெண்ணுக்கோ சுமை இரட்டிப்பு. அழகுக்கு உழைக்கவும் வேண்டும், உழைத்ததை மறைக்கவும் வேண்டும்.

பிரான்சில் துணித் தொழில்துறை ஆயிரக்கணக்கானவர்களை அளவெடுத்து 2006இல் கணக்கு வெளியிட்டது. சராசரிப் பெண்ணின் உயரம் ஏறத்தாழ 162.5 சென்டிமீட்டர், எடை 62 கிலோவுக்குச் சற்று மேல். நம் பக்கத்து வீட்டில் இருக்கக்கூடிய உடம்பு. விளம்பரத்தில் வருகிறவளுக்கும் இந்தக் கணக்குக்கும் சம்பந்தமே இல்லை. பசியோடு கிடந்து மெலிந்த மாடல் பெண்கள் பலர் நோயில் விழுந்தபின், அரசே தலையிட வேண்டி வந்தது. உடல் நலமாக இருக்கிறது என்ற மருத்துவச் சான்றிதழ் இல்லாமல் மாடலை வேலைக்கு வைக்கக் கூடாது என்று 2017இல் விதி வந்தது. உடம்பை மெலிதாகவோ பருமனாகவோ மாற்றிய விளம்பரப் படத்தில் ‘திருத்திய புகைப்படம்’ என்று எழுத வேண்டும் என்பது அதே ஆண்டு அக்டோபர் முதல் கட்டாயம். கொல்பேர் காலத்திலிருந்து வளர்த்துவிட்ட உருவத்துக்கு அரசாங்கமே எச்சரிக்கைச் சீட்டு ஒட்டுகிறது.

இந்த உருவத்தில் இடமே கிடைக்காதவர்கள் இன்னொரு பக்கம். பாரிசின் வட ஸ்டேஷனிலிருந்து பத்து நிமிடம் நடந்தால் லா ஷப்பல். ஈழத்துத் தமிழர்களின் கடைத்தெரு. கண்ணாடிக்குப் பின்னால் காஞ்சிபுரம் பட்டும் கல் வைத்த நெக்லசும்; உள்ளே ஜாக்கெட் அளவு கொடுக்க நிற்கும் பெண்கள். மாணிக்க விநாயகர் கோயில் தேர் ஆண்டுதோறும் கோடைக் கடைசியில் அந்தத் தெருக்களைச் சுற்றி வரும். தலையில் கற்பூரச் சட்டி ஏந்திப் பெண்கள் முன்னால் நடப்பார்கள். கொஞ்சம் தள்ளி ஷத்தோ ரூழில் ஆப்பிரிக்கப் பெண்கள் பெரிய பெரிய பூப்போட்ட துணியை மீட்டர் கணக்கில் பேரம் பேசி வாங்குவார்கள். இவர்களில் எத்தனையோ பேர் பாரிசில் பிறந்தவர்கள், பாரிசில் வரி கட்டுகிறவர்கள், அதிகாலை மெட்ரோவில் ஏறிப்போய் அந்த ஊரின் அலுவலகங்களையும் ஆஸ்பத்திரிகளையும் துடைத்து வைக்கிறவர்கள். உடுத்துவதில் இவர்களுக்கு இருக்கும் அக்கறைக்கு அந்த ஊரில் வேறு யாரும் ஈடில்லை. ஆனால் பாரிஸ்காரி என்று தலைப்புப் போட்ட வழவழப்பான படப்புத்தகங்களில் தேடினால் அவர்கள் கிடைப்பது அரிது.

அங்கே வாழும் அமெரிக்கப் பத்திரிகையாளர் லிண்ட்சி ட்ரமுட்டா 2020இல் ‘தி நியூ பாரிசியென்’ என்று ஒரு புத்தகம் போட்டார். பல நிறத்துப் பாரிஸ் பெண்களைச் சந்தித்து, அவர்கள் என்ன வேலை செய்கிறார்கள், எதற்காகப் போராடுகிறார்கள் என்று கேட்டு எழுதிய புத்தகம். லா ஷப்பல் பெண்களைப் பற்றி அப்படி ஒன்றைத் தமிழிலேயே எழுதலாம். கடைத்தெருவில் நின்று பேச்சுக் கொடுக்க மொழிபெயர்ப்பாளர்கூட வேண்டாம்.